பிறர் வேட்கையில் விளையும் இலாபம்: வைரல் பொருள்களும் பங்குதாரரின் அறமும்

பொருளீட்டுதலைத் தமிழ் அறநூல்கள் இழிவாகக் கருதியதில்லை. அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறள், பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, வந்த வழியில் பழுதில்லாத செல்வம் அறத்துக்கும் இன்பத்துக்கும் துணையாகும் என்று கொள்கிறது. ஆகவே செல்வத்தைக் குறித்து அறம் எழுப்பும் முதல் கேள்வி அது எவ்வளவு என்பதன்று, எவ்வழியில் வந்தது என்பதே. உழவு, கைத்தொழில், வாணிகம், வட்டி ஆகிய பழைய வழிகளைப் பற்றி எல்லாச் சமயங்களும் விரிவாக ஆராய்ந்து விதிகளை வகுத்திருக்கின்றன. சமூக ஊடகங்களில் திடீரெனப் பரவி மக்களைக் கவரும் நுகர்பொருள்களை விற்கும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கி ஈட்டும் செல்வமோ அந்த ஆராய்ச்சிக்கு இன்னும் முழுமையாக உட்படவில்லை. பிறருடைய ஆசை வளர வளரத் தன் செல்வம் வளரும் நிலையில் தன்னை வைத்துக்கொள்ளும் ஒருவருக்கு அந்த ஆசையில் எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இரண்டு சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளைப் பற்றிய படமோ காணொளியோ ஒருவரிடமிருந்து பலருக்கும் அவர்களிடமிருந்து மேலும் பலருக்கும், தொற்றுநோயைப் போல, குறுகிய காலத்தில் பரவுவதையே வைரலாதல் என்கிறார்கள். பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு கூறு என்று சட்டம் சொன்னாலும், பொருளியல் நோக்கில் அது அந்த நிறுவனம் இனி ஈட்டப்போகும் இலாபத்தின் மீது ஒருவர் பெறும் உரிமையாகும். ஆகவே ஒரு நிறுவனத்தின் விற்பனை மக்களின் தேவையை நம்பியிருந்தால் அதன் பங்கை வைத்திருப்பவர் அந்தத் தேவையின் தொடர்ச்சியை நம்பியிருக்கிறார். விற்பனை ஒரு மோகத்தை நம்பியிருந்தால் அவருடைய நம்பிக்கை அந்த மோகத்தின் தொடர்ச்சியில் இருக்கிறது.

இதற்கு அண்மைக் காலத்தின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, வாங் நிங் என்பவர் 2010-இல் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட் என்ற பொம்மை நிறுவனமாகும். ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த ஓவியர் காசிங் லுங், நோர்டிக் நாடுகளின் நாட்டார் கதைகளிலிருந்து கற்பனை பெற்று, 2015-இல் 'தி மான்ஸ்டர்ஸ்' என்ற படக்கதை வரிசையில் படைத்த லபுபு என்ற உருவம், 2019 முதல் இந்நிறுவனத்தின் வழியாகப் பொம்மையாக வெளிவரத் தொடங்கியது. கூர்மையான காதுகளும், வரிசையாகத் தெரியும் ஒன்பது பற்களும், குறும்புச் சிரிப்பும் கொண்ட அந்த உருவம் சில ஆண்டுகள் சேகரிப்பாளர் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. பிளாக்பிங்க் இசைக்குழுவைச் சேர்ந்த தாய்லாந்துப் பாடகி லிசா 2024 ஏப்ரலில் அதனுடன் தோன்றும் படங்களைப் பகிர்ந்த பின்னர் அது முதலில் தாய்லாந்திலும், பிறகு தென்கிழக்கு ஆசியா முழுவதிலும், அடுத்த ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வருவாய் முந்தைய ஆண்டைப் போல் இருமடங்குக்கு மேல் உயர்ந்து ஏறத்தாழ 1,304 கோடி யுவானாயிற்று. 2025-இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் கிடைத்த வருவாய் அந்த முழு ஆண்டு வருவாயையும் விஞ்சி 1,388 கோடி யுவானை எட்டியது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானது லபுபு இடம்பெறும் அந்த ஒரே வரிசையிலிருந்து வந்ததாகும்.

பங்கின் வரலாறு இதைவிடக் கொந்தளிப்பானது. 2020 டிசம்பரில் 38.50 ஹாங்காங் டாலர் விலையில் வெளியிடப்பட்ட அப்பங்கு முதல் நாளிலேயே பெரிதும் உயர்ந்து, 2022-இன் பிற்பகுதியில் வெளியீட்டு விலையின் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, 2025 ஆகஸ்டில் 330 டாலரைத் தாண்டியது. பொம்மை செய்யும் ஆலைகளோ, துணியோ, பிளாஸ்டிக்கோ இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணமல்ல. மக்களின் விருப்பம் எங்கே செல்லும் என்ற கணிப்பின் அசைவே பங்கின் விலையில் தெரிந்தது.

அந்த விருப்பம் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லபுபு பொம்மைகளில் பெரும்பாலானவை பிளைண்ட் பாக்ஸ் எனப்படும் மூடிய பெட்டிகளில் விற்கப்படுகின்றன; ஒரு வரிசையின் பொம்மைகளுள் எது உள்ளே இருக்கிறது என்பது பணம் செலுத்திப் பெட்டியைப் பிரித்த பிறகே தெரியும். வரிசையில் வெளிப்படையாகக் காட்டப்படும் பொம்மைகளோடு ரகசியப் பொம்மை ஒன்றும் உண்டு, அது கிடைக்கும் வாய்ப்பு பல வரிசைகளில் 72-க்கு ஒன்று. வேண்டியது கிடைக்காதவர் மீண்டும் வாங்குகிறார், கிடைத்தவர் வரிசையை நிறைவு செய்ய மீண்டும் வாங்குகிறார், பெட்டியைப் பிரிக்கும் கணத்தைப் படம்பிடித்து இருவரும் வெளியிடுவதால் அந்த எதிர்பார்ப்பு பார்ப்பவர்களையும் பற்றிக்கொள்கிறது. சீன அரசின் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தகைய பெட்டிகளை விற்கக் கூடாது என்றும், ஒவ்வொரு பொம்மையும் கிடைக்கும் வாய்ப்பின் அளவை வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதித்தன. பொம்மையில் குற்றமில்லை என்றாலும் அது விற்கப்படும் முறையில் சூதின் சாயல் இருக்கிறது என்பதை ஓர் அரசே உணர்ந்துகொண்டதற்கு இது சான்றாகும்.

வேட்கை பிறக்கும் முறையைப் பௌத்தம் மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உபதேசிக்கும் பன்னிரு நிதானங்களில், அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு காரணங்களின் தொடரில், புலன்களாகிய வாயில்கள் பொருள்களைத் தொடுவது ஊறு எனப்படுகிறது. ஊற்றிலிருந்து நுகர்வும், நுகர்விலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும் தோன்றுகின்றன. இத்தொடர் நிற்கக்கூடிய இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் உள்ளது என்பது பௌத்தப் பயிற்சியின் அடிப்படை. இன்பமான ஒன்றைக் கண்டு, இது இன்பம் என்று அறிந்து, அதன்பின் ஓடாமல் நிற்க ஒருவர்க்கு அங்கே ஒரு கணம் வாய்க்கிறது. கைப்பேசித் திரையும், ஒரு தொடுகையில் பணம் செலுத்தும் வசதியும், சில நிமிடங்களில் விற்றுத் தீரும் குறைந்த இருப்பும் சேர்ந்து அந்தக் கணத்தையே இல்லாமல் செய்யப் பார்க்கின்றன. மக்கள் ஆசைப்படுவது புதிதன்று, ஆனால் ஆசைக்குமுன் நிற்கும் சிறிய இடைவெளியை அடைப்பதே ஒரு தொழில்முறையாகியிருப்பது புதிது.

வேட்கை பரவும் முறையைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் 1961-இல் வெளியான தம் முதல் நூலிலிருந்தே ஆராய்ந்தார். மனிதன் ஒரு பொருளை அதன் இயல்புக்காக விரும்புவதாக நினைத்தாலும், உண்மையில் தான் முன்மாதிரியாகக் கொண்ட வேறொருவர் அதை விரும்புவதைப் பார்த்தே விரும்புகிறான் என்பதே அவர் கொள்கையின் சாரம். போலச்செய்யும் வேட்கை என்று இதனைக் குறிக்கலாம். ஒரே பொருளைப் பலர் விரும்பும்போது போட்டியும் பொறாமையும் பிறந்து வன்முறை வரை செல்லும் என்று அவர் எச்சரித்தார். பிரிட்டனில் 2025 மே மாதம் வாடிக்கையாளர்களிடையே மோதல்கள் நேர்ந்ததால் கடைகளில் லபுபு விற்பனையைப் பாப் மார்ட் தற்காலிகமாக நிறுத்தியதை நினைத்தால், அந்த எச்சரிக்கை எவ்வளவு நேரடியாகப் பொருந்துகிறது என்பது விளங்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிராரின் சிந்தனையால் ஈர்க்கப்பட்ட பீட்டர் தீல், ஃபேஸ்புக் நிறுவனத்தில் 2004-இல் ஐந்து லட்சம் டாலர் முதலீடு செய்தபோது, ஒருவரைப் பார்த்து ஒருவர் விரும்பும் இந்த இயல்பு சமூக ஊடகத்தில் எவ்வளவு வலுவாக இயங்கும் என்பதைத் தாம் உணர்ந்திருந்ததைப் பின்னர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். மனிதரின் ஆன்மிக நோயை விளக்க எழுந்த ஒரு கொள்கை, அந்த நோய் பரவும் திசையைக் கணித்துப் பணம் போடுவதற்கான வழிகாட்டியாகவும் பயன்பட்டதை இது காட்டுகிறது.

பங்குச்சந்தையிலும் இதே போலச்செய்தல் நிகழ்கிறது என்பதைப் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936-இல் வெளியான தம் பெருநூலில் காட்டினார். நூறு முகப்படங்களில் அழகானவை ஆறைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, போட்டியாளர் அனைவரின் சராசரி விருப்பத்துக்கு மிக நெருங்கியவருக்குப் பரிசு வழங்கும் பத்திரிகைப் போட்டியை அவர் பங்குச்சந்தைக்கு உவமையாக்கினார். அங்கே வெல்ல விரும்புபவர் தமக்கு அழகாகத் தோன்றுவதைத் தேர்வதில்லை. மற்றவர்கள் எதை அழகென்று கருதுவார்கள் என்று மற்றவர்கள் கணிப்பார்கள் என்பதைக் கணிக்கிறார். வைரல் பொருளின் பங்கில் இந்த நிலை இரட்டிப்பாகிறது. பொம்மையை வாங்குபவர் பிறர் விரும்புவதால் அதை விரும்புகிறார். பங்கை வாங்குபவர் அந்த விருப்பம் வளரும் என்று பிறர் நம்புவதை நம்புகிறார். விரும்பப்படும் பொருள் நல்லதா என்ற கேள்வி இரு இடங்களிலும் எழாமலே போகிறது.

இத்தகைய ஈட்டத்தைச் சமயங்களின் பழைய விதிகள் தடுக்கின்றனவா என்று பார்த்தால் அவற்றின் வரம்பு புலப்படும். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப் பொருள், நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தை இல்லறத்தார் விலக்க வேண்டும் என்று புத்தர் வகுத்தார். மது, சூது, வட்டி ஆகியவற்றில் ஈடுபடும் நிறுவனங்களை இஸ்லாமிய நெறிப்படி முதலீடு செய்வோர் விலக்குகின்றனர். இந்தப் பட்டியல்கள் விற்கப்படும் பொருளைக் கொண்டு வாணிகத்தை அளப்பவை. பொம்மையோ தண்ணீர்க் குவளையோ உதட்டுச் சாயமோ அவற்றில் இடம்பெறா. ஆயினும் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி, 1760-இல் அச்சான பணத்தின் பயன் குறித்த தம் பேருரையில், பட்டியலைத் தாண்டிய ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறார். பிறருக்கு அவர்தம் உடைமையிலோ உடலிலோ ஆன்மாவிலோ கேடு விளைவிக்காமல் இயன்ற அளவு ஈட்டலாம் என்ற அவ்வளவுகோலில், ஆன்மாவுக்கு நேரும் கேடு என்ற மூன்றாவது கூறே இங்கு மிகவும் பொருந்துவது. நிறைவடையும் ஆற்றலை ஒரு மனிதரிடமிருந்து மெல்ல மெல்லப் பறிப்பது அவருடைய ஆன்மாவுக்கு இழைக்கும் கேடே.

அந்தக் கேட்டை இழைப்பவர் நிறுவனத்தார்தானே, பங்கை வைத்திருப்பவர் யாதொன்றும் செய்யவில்லையே என்ற தடையை இவ்விடத்தில் எழுப்பலாம். இதற்குச் சமண அறவியல் மிகத் தெளிவான விடை வைத்திருக்கிறது. ஒரு வினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைப்பயனைத் தருவன என்பது அதன் கொள்கை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும், உண்பதற்காக வாங்குவோர் இல்லையெனில் விற்பதற்காகக் கொல்வோரும் இரார் என்ற கருத்தை வைத்து, கத்தியைத் தொடாத வாங்குபவரையும் கொலைக்குப் பொறுப்பாக்குகிறது. வாங்குபவரும் விற்பவரும் மட்டுமே இருந்த சந்தைக்குப் பொருந்திய அந்த வாதம், இருவருக்கும் அப்பால் நின்று இருவரின் பரிமாற்றம் பெருகுவதால் பயன்பெறும் மூன்றாமவர்க்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இல்லை. ஆதாயத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது உடன்படுதலின் மிக உறுதியான வடிவமன்றோ?

ஏற்கெனவே வெளியான பங்கை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கும்போது நிறுவனத்துக்கு ஒரு காசும் செல்வதில்லை என்பது மற்றொரு தடை. உண்மை, எனினும் அது பாதி உண்மை. பங்கின் விலை உயர்வது நிறுவனர்களின் செல்வத்தையும், நிர்வாகிகளின் ஊதியத்தையும், புதிய மூலதனம் திரட்டும் வல்லமையையும் உயர்த்துகிறது. அதைவிட முக்கியமாக, உயர்ந்த விலை என்பது இனிவரும் வளர்ச்சியையும் இப்போதே எண்ணிப் போடப்பட்ட விலையாதலால், அந்த வளர்ச்சியைக் காட்டியே தீர வேண்டிய நெருக்கடியை அது நிர்வாகத்தின் மீது சுமத்துகிறது. இன்று ஆயிரம் பேர் விரும்பினால் நாளை பத்தாயிரம் பேர் விரும்பும்படி செய்தாக வேண்டும். செய்யாவிடில் பங்கு சரியும். அந்த நெருக்கடியை உண்டாக்கும் பெருங்கூட்டத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் ஒருவர். பாப் மார்ட் 2025 செப்டம்பரில் ஹாங்காங்கின் ஹாங் செங் குறியீட்டில் சேர்க்கப்பட்டதால், அக்குறியீட்டைப் பின்பற்றும் நிதித் திட்டங்களில் சேமிப்பவர்களும் அறியாமலேயே அதன் பங்குதாரர்களாயினர். அறியாமல் வைத்திருப்பவரின் உடன்பாடு, தேடிச்சென்று வாங்கியவரின் உடன்பாட்டைவிட மிகவும் மெலிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

பொம்மை தரும் மகிழ்ச்சியை யாரும் இழிவுபடுத்தலாகாது. உழைத்துக் களைத்த ஒருவர் தம் பையில் தொங்கவிடும் ஒரு சிறு பொம்மையால் மனம் இலேசாகிறார் என்றால் அது நல்லதே. தமிழிலக்கியம் பிள்ளைகளின் பாவையையும் சிறுதேரையும் சிற்றிலையும் அன்போடு போற்றிய இலக்கியம். இங்கு ஆராயப்படுவது அந்த மகிழ்ச்சியன்று, மகிழ்ச்சி நிறைவாக முடிந்துவிடாதபடி தடுப்பதில் ஒருவருக்கு ஆதாயம் இருக்கும் ஏற்பாடே. அந்த ஏற்பாட்டின் உண்மை உருவம் 2025 ஜூனில் வெளிப்பட்டது. பாப் மார்ட் பெருமளவில் முன்பதிவு விற்பனையைத் திறந்து, லபுபுவை விரும்பியவர்களுக்கு அது கடை விலையிலேயே கிடைக்க வழிசெய்தபோது, மறுவிற்பனைச் சந்தையில் அதன் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே நாள்களில் நிறுவனத்தின் பங்கும் இறங்கியது. பின்னர் மீண்டு ஆகஸ்டில் உச்சம் தொட்ட அப்பங்கு மறுபடியும் சரியத் தொடங்கியது; மூன்றாம் காலாண்டின் வருவாய் முந்தைய ஆண்டைவிட 245 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக அக்டோபரில் நிறுவனம் அறிவித்த பின்னரும் சரிவு நிற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் பங்கு தன் உச்ச விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்திருந்தது. விரும்பியவர் கையில் விரும்பியது எளிதாகச் சேர்வது வாங்குபவருக்கு நற்செய்தி, பங்குதாரருக்கோ அது கெட்ட செய்தி. இருவரின் நன்மையும் எதிரெதிர்த் திசைகளில் நிற்கின்றன.

முதலீட்டுக் கலையைக் கற்பிப்போர் அடிக்கடி வலியுறுத்தும் அறிவுரை, ஆசைக்கும் அச்சத்துக்கும் இடங்கொடாமல் சமநிலையோடு இருக்க வேண்டும் என்பதாகும். கூட்டம் மயங்கும்போது மயங்காதிருத்தல், விலை ஏறும்போது களியாமலும் இறங்கும்போது கலங்காமலும் இருத்தல் ஆகியவை, பயனில் பற்றில்லாமல் செயலாற்றுமாறு பகவத் கீதை கூறும் நெறியை வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கின்றன. ஆனால் கீதை கூறும் பற்றின்மை தன் கடமையைச் செய்பவருடைய பற்றின்மை. உலகம் நிலைபெற வேண்டும் என்ற நோக்கோடு இணைந்தது. பிறருடைய பற்றையே விளைநிலமாகக் கொண்டு, அந்தப் பற்று பெருகுவதைச் சலனமின்றிக் கவனித்து, உரிய நேரத்தில் விற்று வெளியேறுவது பற்றின்மையின் புறத்தோற்றத்தை மட்டும் கொண்டது. அவாவை அறுத்தவர் பிறரும் அதை அறுக்க வேண்டும் என்றே விரும்புவார். தாம் மட்டும் தெளிந்திருந்து, பிறர் தெளியாதிருப்பதில் தம் நலத்தை வைத்திருப்பவரின் தெளிவு அறிவுடைமையாகாது. அது திறமை மட்டுமே. அத்திறமையும் ஒவ்வொருவருக்கும் இறுதிவரை வாய்ப்பதில்லை, ஏனெனில் உச்சத்தில் விற்று வெளியேறும் ஒருவருடைய பங்கை மற்றொருவர் உச்ச விலையில் வாங்கியே ஆக வேண்டும்.

இதனால் வைரலாகும் பொருள்களின் நிறுவனங்கள் எல்லாவற்றையும் விலக்க வேண்டும் என்பது பெறப்படாது. குரோக்ஸ் காலணி நிறுவனத்தின் பங்கு 2006-இல் 21 டாலருக்கு வெளியாகி, 2007-இல் 70 டாலரைத் தாண்டி, 2008-இன் இறுதியில் ஒரு டாலர் அளவுக்கு வீழ்ந்தது. மோகம் வடிந்த பின்னரும் நாள் முழுவதும் நின்று பணியாற்றும் செவிலியரும் சமையல் தொழிலாளரும் அந்தக் காலணியைத் தொடர்ந்து அணிந்தார்கள், நிறுவனமும் மீண்டு எழுந்தது. அங்கே மோகத்தின் அடியில் ஒரு பயன் இருந்தது. வாங்கியவர் நிறைவடைந்ததாலேயே அதே பொருள் தேய்ந்த பின் மீண்டும் வாங்கினார். ஆகவே பிரித்தறிய வேண்டியது பொருள் பரவும் வேகத்தை அன்று. வாங்கியவர் நிறைவடைந்தால் பங்குதாரர் பயன்பெறுவாரா, அல்லது வாங்கியவர் நிறைவடையாமல் இருந்தால்தான் பங்குதாரர் பயன்பெறுவாரா என்ற ஒரே கேள்வியில் இரு வகைகளும் பிரிந்துவிடும்.

நடுவுநிலைமையைப் பேசும்போது, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகர்க்கு உரிய அறம் என்று வள்ளுவர் கொண்டார். பங்குதாரரும் ஒருவகை வாணிகரே என்பதால் அவ்வறம் அவருக்கும் உரியது. பிறர் பொருளைப் பேணுவதோடு பிறர் மனத்தையும் தம் மனம்போல் பேணுவது இக்காலத்தில் அதன் விரிவாகும். ஒரு பங்கை வாங்குமுன் அந்நிறுவனத்தின் வருவாயையும் கடனையும் ஆராய்வது போலவே, அந்த வருவாய் பெருகுவதற்கு மனிதர் எத்தகையவராக மாற வேண்டும் என்பதையும், தம் பிள்ளைகள் அத்தகையவராக மாறுவதற்குத் தாம் இசைவோமா என்பதையும் ஆராய்வது முதலீட்டாளரின் கடமை. இசையோம் என்ற விடை வருமானால், எவ்வளவு இலாபம் வரினும் அந்தப் பங்கு விலக்கத்தக்கது. ஏனெனில் அதை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், முகமறியாத பலர் நிறைவடையாதிருக்க வேண்டும் என்று விரும்பும் நிலையிலேயே அவர் வாழ வேண்டியிருக்கும். அவ்வாறு விரும்பி ஈட்டிய பொருளைத் தீதின்றி வந்த பொருள் என்று எந்த அறநூலும் ஒப்புக்கொள்ளாது.